பியானோக் கலைஞர் விஜய் ஐயரும் தாளத்தின் இயல்பும்

சுருதியைத் தாயென்றும் இலயத்தைத் தந்தையென்றும் கூறுதல் இசைவாணர் மரபு. இவ்விரண்டனுள் சுருதியை அறியச் செவி வேண்டும். தாளத்தை அறிய உடல் முழுவதும் வேண்டும். பேசத் தொடங்குமுன்னரே குழந்தை கைகொட்டப் பழகுகின்றது. உரலில் நெற்குற்றிய மகளிர் உலக்கை மாற்றிய முறையிலும், வாவியிலே தோணி வலித்தோர் துடுப்பிட்ட முறையிலும், சூடு மிதித்த களத்தில் எழுந்த பாட்டிலும் தாளம் தானே அமைந்து கிடந்ததை முன்னோர் அறிவர். ஆயினும், தாளம் என்பது கணக்கா, உடலுணர்வா? அஃது ஓரினத்தார்க்கே உரிய முதுசொமா, கற்பார் யாவர்க்கும் உரிய பொதுப் பொருளா? இவை எளிதில் விடைகாணத்தக்க வினாக்களல்ல. இவ்வினாக்களைத் தம் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் ஒருங்கே பொருளாகக் கொண்டு, உலகம் போற்றும் பியானோக் கலைஞராகத் திகழ்பவர் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த விஜய் ஐயர். அவர் வரலாற்றை ஆராயுமிடத்து ஒரு கலைஞரின் வாழ்க்கை விளங்குவதோடு, கல்வி என்பது யாது என்னும் பெருவினாவும் ஒருவாறு தெளிவுறும்.

விஜய் ஐயர் 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26ஆந் திகதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயோர்க் மாநிலத்து ஓல்பனி நகரிற் பிறந்தார். வளர்ந்தது அம்மாநிலத்தின் றொச்செஸ்டர் நகரை அடுத்த பெயார்போர்ட் என்னும் ஊரில். அவர்தம் பெற்றோர் இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய தமிழர். ஆசிய நாட்டவர் அமெரிக்காவிற் குடியேறுதல் நெடுங்காலம் மிகக் குறுகிய வரையறைக்கு உட்பட்டிருந்தது. 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டமே பிறந்த நாட்டை அளவாகக் கொண்ட அவ்வரையறையை நீக்கிற்று. ஆபிரிக்க அமெரிக்க மக்கள் தம் குடியுரிமைக்காகப் போராடி, 1964இல் குடியியல் உரிமைச் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் பெற்ற காலமும் அதுவே. அடிமைகளின் வழித்தோன்றல்கள் சிந்திய குருதியும் கண்ணீரும் பண்படுத்திய நிலத்திலேதான் ஆசியக் குடியேற்றக்காரரும் வேரூன்றினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. விஜய் ஐயரின் பிற்கால வாழ்க்கைக்கு இவ்வுண்மை ஒரு திறவுகோலாகும்.

மூன்று வயதிலேயே அவர் வயலின் பழகத் தொடங்கினார். மேனாட்டுச் செவ்விசை முறைப்படி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அப்பயிற்சி நடைபெற்றது. பியானோவோ அவ்வாறு முறையாகக் கற்றதன்று. இளமையில் கேட்டதைக் கேட்டவாறே விரல்களால் தேடித் தேடிப் பெரும்பாலும் தாமாகவே பயின்றது. எழுதிய சுரத்தாளைப் பார்த்து வாசிக்கும் ஒழுக்கம் வயலினால் வந்தது. செவியும் விரலும் தம்முள் உரையாடிப் புதியன காணும் உரிமை பியானோவால் வந்தது. ஒருவரிடத்தே இவ்விருவகைக் கல்வியும் அமைந்தமை பின்னர்ப் பெரும் பயன் விளைத்தது.

இவ்விடத்தில் அவர் மேற்கொண்ட இசையின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஜாஸ் என வழங்கும் இசை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரைச் சூழ வளர்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் தாள மரபும், அவர்தம் உழைப்புப் பாடல்களும், தேவாலயப் பாடல்களும், ஐரோப்பியரின் இசைக்கருவிகளும் ஒன்றுகூடி அதனைத் தோற்றுவித்தன. அதன் உயிர்நிலை உடனுக்குடன் இசை புனைதல் ஆகும். நம் இசையரங்கிலே பாடகர் ஒரு பல்லவியை எடுத்துக்கொண்டு நிரவலும் கற்பனைச் சுரமும் பாடுகின்றார். மிருதங்கக்காரர் அதனைக் கேட்டு விடையிறுக்கின்றார். அவ்வாறே ஜாஸ் கலைஞரும் ஓர் இராகப்போக்கை அல்லது சுரக்கூட்டை அடிப்படையாகக் கொண்டு, மேடையிலேயே ஒருவரையொருவர் கேட்டுப் புதியன படைக்கின்றனர். ஜாஸ் என்னும் பெயர் பிறர் இட்ட பெயரென்றும், தம் கலையின் பெருமையை அது சுருக்கிவிடுகின்றதென்றும் கருதி அதனை விரும்பாத ஆபிரிக்க அமெரிக்கப் பெருங்கலைஞர் பலர். வழக்குப் பற்றியே அப்பெயர் ஈண்டு ஆளப்படுகின்றது.

மற்றொன்று மினிமலிசம் எனப்படும் இசைநெறி. தமிழில் அதனைச் சுருக்கநெறி எனலாம். மிகச் சில சுரங்களையும் ஒரு சிறு தாளக்கூற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றை மீண்டும் மீண்டும் ஒலித்து, கேட்பவர் அறியாத வண்ணம் சிறுகச் சிறுக மாற்றிச் செல்லுதல் இந்நெறியின் இலக்கணம். 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இது தழைத்தது. 1935இற் பிறந்த டெரி றைலி 1964இல் இயற்றிய ‘இன் சீ’ என்னும் ஆக்கம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. றைலி தாமும் பியானோக் கலைஞரே. ஜாஸ் இசையில் ஊறியவர். 1970 முதல் பண்டிட் பிராண் நாத் என்னும் இந்துஸ்தானி இசைப் பெரியாரை அடுத்து மாணாக்கராய் அமர்ந்தவர். இந்நெறியின் மற்றொரு முதல்வரான ஸ்டீவ் றைக் 1970இல் கானா நாட்டுக்குச் சென்று முழவுக் கலை பயின்றார். பிலிப் கிளாஸ் 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரிற் சிதார் மேதை ரவி சங்கருடன் பணியாற்றி இந்தியத் தாள முறையை அறிந்தார். எனவே, சுருக்கநெறி மேனாட்டில் முளைத்ததாயினும், அதற்கு நீர்பாய்ச்சிய வாய்க்கால்களுள் சில ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தனவாம். ஜாஸ் இசையிலும் இதனையொத்த போக்கு அக்காலத்திலேயே தோன்றியது. சாக்ஸபோன் மேதை ஜோன் கோல்ட்றேன் 1960இல் ‘மை பேவரிட் திங்ஸ்’ என்னும் பாடலை இசைத்தபோது, பியானோ வாசித்த மக்கோய் டைனர் ஒரு சிறு கூற்றையே திரும்பத் திரும்ப ஒலித்து, அதன்மேல் ஒரு பெரு மாளிகையையே எழுப்பினார்.

இனி விஜய் ஐயரின் கல்வியை நோக்குவோம். அவர் யேல் பல்கலைக் கழகத்தில் கணிதமும் பௌதிகமும் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்ணியாப் பல்கலைக் கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பௌதிகத்தில் உயராய்வு செய்யச் சென்றார். விஞ்ஞானப் பட்டமும் ஆராய்ச்சிப் பதவியும் பிள்ளைகளுக்கு வாய்த்தல் வேண்டுமென்று நோற்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு இதனினும் உயர்ந்த வழி வேறொன்றில்லை. ஆயின், பகலில் ஆய்வுகூடமும் இரவில் இசையரங்குமாகக் கழிந்த நாள்களில் எது தம் உயிர்த்தொழில் என்னும் வினா அவரை நெருக்கிற்று. அவர் பௌதிகத்தைக் கைவிட்டார், கல்வியைக் கைவிட்டாரல்லர். தொழினுட்பமும் கலைகளும் என்னும் பெயரில் இரு துறைகளையும் இணைத்த தனியொரு பாடநெறியை அமைத்துக்கொண்டு, 1998இல் அப்பல்கலைக் கழகத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். இசையையும் அறிவாராய்ச்சியையும் ஒருங்கே வளர்த்த டேவிட் வெசல் அவரை வழிநடத்தினார். ஆபிரிக்க அமெரிக்க இசையறிஞரும் டிரொம்போன் கலைஞருமாகிய ஜோர்ஜ் லூயிஸ் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தார். முன்னே கற்ற கணக்கு அவர்க்கு வீண்போகவில்லை. அது வேறொரு நிலத்திற் சென்று விளைந்தது.

பல்கலைக் கழகத்துக்குப் புறத்தேயும் அவர்க்கு ஒரு கல்விக்கூடம் இருந்தது. ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் என்னும் சாக்ஸபோன் வித்தகர் தாளத்தின் நுட்பங்களை ஆழ ஆராய்ந்தவர். அவருடைய குழுவில் 1995ஆம் ஆண்டளவில் விஜய் ஐயர் இடம் பெற்று நாடுகள் பலவற்றுக்குச் சென்றார். பின்னர், 1941இல் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த எக்காளக் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தின் குழுவில் 2005 முதற் சில ஆண்டுகள் வாசித்தார். ஆசானுடன் உண்டும், உடன் பயணம் செய்தும், அவர் இசைக்கும்போது அருகிருந்தும், வேண்டியபோது வாளாவிருந்தும் கற்கும் இம்முறை நம் நாட்டுக் குருகுல முறையோடு பெரிதும் ஒத்தது. அவர் போற்றிய பியானோ முன்னோர்களுள் முதல்வர் தெலோனியஸ் மங்க் ஆவர். 1917 முதல் 1982 வரை வாழ்ந்த இம்மேதை, பியானோவை முழவுபோல் அறைந்தும், ஒலிக்க வேண்டிய இடத்தில் மௌனத்தை வைத்தும் புதுமை செய்தார். சில சுரங்களைக் கொண்டு பல பேசும் ஆற்றலை விஜய் ஐயர் அவரிடம் கண்டார். அவருடைய முதல் இசைத்தட்டாகிய ‘மெமரோபிலியா’ 1995இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது, ஆசிய வழிவந்த அமெரிக்கக் கலைஞர்கள் சான் பிரான்சிஸ்கோவை இடமாகக் கொண்டு தொடங்கிய ஏசியன் இம்ப்றூவ் என்னும் நிறுவனம். 1998இன் பின் நியூயோர்க் நகரமே அவருக்கு உறைவிடமாயிற்று.

அவரது கலாநிதிப் பட்ட ஆய்வு மேற்காபிரிக்க, ஆபிரிக்க அமெரிக்க இசைகளைப் பற்றியது. அதன் கருத்தைச் சுருங்கக் கூறின், தாளம் மூளை தனித்திருந்து கணக்கிடும் பொருளன்று. நடக்கும் கால், மூச்சு விடும் நெஞ்சு, பேசும் நா, அசையும் விரல் ஆகிய உடற்செயல்களினின்றும் எழுவது என்பதாம். மூச்சின் அளவு ஓர் இசைத்தொடரின் அளவாக அமைகின்றது. நடையும் இதயத் துடிப்பும் தாளத்தின் அடிப்படை அடியாகின்றன. பேச்சின் அசைகளும் விரல்களின் ஓட்டமும் அவ்வடியினுள் அமையும் விரைவுக் கூறுகளாகின்றன. ஆகவே ஒருவர் இசையைக் கேட்கும்போது, அதனை எழுப்பிய உடலின் அசைவையும் அவர் உடல் தானே உணர்கின்றது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாலடித் தாளத்தில் அமைந்த ஆபிரிக்க அமெரிக்க இசையில் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் முழவில் ஓங்கி ஒலிக்கும். அவ்வடிகள் கணக்குப்படி வீழவேண்டிய கணத்தில் வீழாது, ஒரு சிறிதே தாழ்த்து வீழ்தல் உண்டு. அத்தாமதம் ஒரு செக்கனை ஆயிரங் கூறாக்கி அளக்கவேண்டிய அத்துணை நுண்ணியது. சுரத்தாளில் அதனை எழுத இயலாது. எழுத்தையே அளவுகோலாகக் கொண்ட இசையாராய்ச்சி அதனைப் பிழையென்று தள்ளும். விஜய் ஐயரோ, இசையைத் துள்ளச் செய்வதும் கேட்பவர் தலையை அசைப்பதும் இத்தகைய நுண்பொழுதுகளே என்று காட்டினார். இயந்திரம் தட்டும் தாளம் சரியாக இருந்தும் சுவையற்றிருப்பதற்கும், மனிதன் தட்டும் தாளம் சிறிது விலகியும் உயிர்பெற்றிருப்பதற்கும் காரணம் இதுவே.

மட்டக்களப்பு மக்களுக்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. பழுகாமம் முதலாய படுவான்கரைக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வழங்கிவரும் முறையை நோக்குக. அண்ணாவியார் மத்தளத்தை அடித்துத் தாளக்கட்டை வாயாற் சொல்ல, கூத்தர் அதனைக் காலில் வாங்குகின்றனர். சட்டங் கொடுத்த நாள் முதலாகச் சதங்கை அணியும் நாள் வரை, பல மாதங்கள் நிகழும் அப்பயிற்சியிலே தாளம் நெஞ்சிற் படிவதற்கு முன் காலிற் படிந்துவிடுகின்றது. இத்தாளத்திற்கு எத்தனை மாத்திரை என்று வினவினால் விடை கூற அறியாத கூத்தனும் களரியில் ஓரடி பிழைத்தல் அரிது. அவன் அறியாதவன் அல்லன். அவன் அறிவு காலில் இருக்கின்றது. 1960ஆம் ஆண்டுகளிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக் கழக அரங்கிற்குக் கொண்டுசென்றபோது, பட்டம் பெறும் மாணவர் ஏட்டுக் கல்வி மிகாத அண்ணாவிமாரிடம் கற்க வேண்டியதாயிற்று. உடலில் உறையும் அறிவைப் பல்கலைக் கழகம் மதித்த நிகழ்ச்சி அது. பேர்க்கிலியில் விஜய் ஐயர் செய்ததும், கருத்தளவில், அவ்வினத்ததே.

எனினும், தாளத்திற் கணக்குக்கு இடமில்லை என்று கொள்ளுதல் தவறு. மாணவர் நலம் கருதி ஒரு கணக்கை இங்கே காட்டுதல் தகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது தமிழிலக்கணம் கற்ற யாவரும் அறிந்தது. வடமொழியாளரும் தம் யாப்பில் இலகு, குரு என இவ்வாறே கொண்டனர். மூன்று மாத்திரையை ஒன்றும் இரண்டுமாக நிரப்பும் வகைகள் மூன்று: மூன்று குறில்; ஒரு குறிலும் ஒரு நெடிலும்; ஒரு நெடிலும் ஒரு குறிலும். நான்கு மாத்திரைக்கு ஐந்து வகைகள் உள. ஐந்து மாத்திரைக்கு எட்டு. ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று. முன்னுள்ள இரண்டு எண்களைக் கூட்ட அடுத்த எண் வரும். காரணமும் எளிது: இறுதியில் குறில் நிற்பின் எஞ்சியது ஒரு மாத்திரை குறைந்த கணக்கு, நெடில் நிற்பின் எஞ்சியது இரண்டு மாத்திரை குறைந்த கணக்கு. பிபனாச்சி எண்கள் என மேனாட்டார் வழங்கும் இவ்வெண்களை இத்தாலியக் கணிதர் பிபனாச்சி 1202இல் தம் நூலிற் காட்டுவதற்கு முன்னரே, விரகாங்கர், ஹேமசந்திரர் முதலிய இந்திய யாப்பறிஞர் கண்டிருந்தனர். பாட்டின் அளவிலே பிறந்த கணக்கு இது.

இவ்வெண்களுள் அடுத்தடுத்துள்ள இரண்டை வகுத்தால், 5க்கு 3, 8க்கு 5, 13க்கு 8, 21க்கு 13 என வரும் விகிதங்கள் யாவும் ஏறத்தாழ 1.618 என்னும் ஓர் அளவை நெருங்கிச் செல்லும். 2009இல் வெளிவந்த ‘ஹிஸ்டொறிசிற்றி’ என்னும் இசைத்தட்டில் விஜய் ஐயர் இதனைத் தாளமாக்கினார். றொனி பொஸ்டர் 1972இல் வெளியிட்ட ‘மிஸ்டிக் புறூ’ என்னும் எளிய இசையை எடுத்துக்கொண்டு, நீண்ட கூறும் குறுகிய கூறும் இவ்விகிதங்களில் அமையுமாறு அதனை இயக்கினார். கேட்பவர்க்கு அது சம அடிகள் கொண்ட தாளமும் அன்று. முற்றிலும் முறை பிறழ்ந்ததும் அன்று. ஒருபுறம் சாய்ந்து நடக்கும் நடை போன்றது. எண்ணை அறியாதவரும் அதற்குத் தலையசைக்கின்றனர். கணக்கு மறைந்து நின்று உடலை ஆட்டுவிக்குமாயின், அதுவே கணக்கின் வெற்றி எனலாம்.

கணிதமும் இசையும் ஒருவரிடத்தே கூடுதல் மட்டக்களப்பு மண்ணுக்கும் பழக்கமானதே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர். வழக்கிறந்த யாழினது இயல்பையும் பழந்தமிழ்ப் பண்களின் அமைப்பையும் அலகுக் கணக்கினால் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேற்றினார். அடிகள் மறைந்ததை மீட்டெடுக்கக் கணக்கைத் துணைக்கொண்டார். விஜய் ஐயர் வருவதைத் தேடிச் செல்ல அதனைத் துணைக்கொண்டார். திசைகள் வேறாயினும், விஞ்ஞானக் கல்வி கலைக்குப் பகையன்று என்னும் உண்மையை இருவரும் நாட்டினர்.

விஜய் ஐயரின் இசைக்கு ஏற்ற வடிவமாக அமைந்தது மூவர் குழு. பியானோவோடு ஸ்டீபன் கிறம்ப் என்பவரின் பெருநரம்புக் கருவியும், மார்க்கஸ் கில்மோர் என்பவரின் முழவுத் தொகுதியும் அதில் இடம் பெற்றன. 2015இல் ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட ‘பிறேக் ஸ்டவ்’ என்னும் இசைத்தட்டில் ‘ஹூட்’ என்றோர் ஆக்கம் உண்டு. டிட்றொயிட் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் றொபேட் ஹூட் மின்னொலிப் பொறிகளைக் கொண்டு அமைத்த சுருக்கநெறி நடனவிசைக்கு அஃது ஒரு காணிக்கை. மின்பொறி சோர்வின்றி ஒலிக்கும் சிறு கூற்றை இங்கே மூன்று மனிதர் தம் கைகளால் ஒலிக்கின்றனர். ஒரே சுரம் பன்முறை அறையப்படுகின்றது. மூவர் கூறுகளும் வெவ்வேறு அளவினவாய், ஒன்றினுள் ஒன்று புகுந்து விலகி மீண்டும் கூடுகின்றன. புதிய சுரம் ஏதும் வாராதிருக்கவும் இசை மாறிக்கொண்டே செல்கின்றது. மாறுவது எது என்று கேட்பவர் கூர்ந்து நோக்கத் தலைப்படுகின்றார். அவ்வாறு கேட்பவரைக் கூர்ந்து நோக்கச் செய்தலே சுருக்கநெறியின் பயன்.

இந்நெறியோடு அவர்க்கு வேறோர் உறவும் ஏற்பட்டது. 1937இற் கராச்சியிற் பிறந்து பரோடாவில் ஓவிய ஆசிரியையாய் இருந்து 1990இல் மறைந்த நஸ்றீன் மொகமதி, மெல்லிய கோடுகளை மட்டுமே கொண்டு ஓவியம் தீட்டியவர். உருவமும் வண்ணமும் நீக்கி, கோட்டின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் அவர் ஒரு தாளத்தைக் காட்டினார். 2016இல் நியூயோர்க் மெற்றொபொலிற்றன் நூதனசாலை அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, விஜய் ஐயரும் ஆசான் வடாடா லியோ ஸ்மித்தும் அவற்றுக்கு இயைய ஓர் இசைத்தொகுதியைப் படைத்தனர். ‘எ கொஸ்மிக் றிதம் வித் ஈச் ஸ்ற்றோக்’ என்னும் அதன் பெயர் அவ்வோவியரின் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பியானோவும் எக்காளமும் அன்றி வேறு கருவி அதில் முதன்மை பெறவில்லை. ஒலியைப் போலவே மௌனமும் அதிற் பேசுகின்றது.

தமிழ் மரபோடு அவர்தம் தொடர்பு யாது என்னும் வினா இயல்பாகவே எழும். 2011இல் வெளிவந்த ‘தீர்த்தா’ என்னும் இசைத்தட்டு இதற்கு ஒருவகையில் விடையாகும். கிட்டார்க் கருவியிற் கருநாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும், தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவும் அதில் அவரோடு இணைந்தனர். கருநாடக இசையின் நடைபேதங்களும் தீர்மானங்களும் ஜாஸ் இசையின் சுரக்கூட்டுகளோடு அதிற் கலந்துரையாடுகின்றன. எனினும், பியானோ நம் கமகங்களை வாசிக்க இயலாத கருவி. அதன் சுரங்கள் படிகள்போல் நின்றனவேயன்றி வழுக்கிச் செல்லா. ஆதலின், விஜய் ஐயர் இராகத்தைப் போலிசெய்ய முயலவில்லை. பியானோவுக்கு இயல்பான தாளத்தின் வாயிலாகவே தம் முன்னோர் மரபை அணுகினார். கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் உண்மையாய் நிற்றல் அறிவுடைமையாகும்.

அவர் இசை அழகை மட்டும் நோக்கியதன்று. 2001இல் ஈரானியத் திரைப்பட நெறியாளர் ஜாபர் பனாகி, ஹொங்கொங்கிலிருந்து தென்னமெரிக்கா செல்லும் வழியில், நியூயோர்க் விமான நிலையத்தில் விரலடையாளம் இட மறுத்தமைக்காக விலங்கிடப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டார். தாம் குற்றவாளியல்லர் என்பதை உடன் பயணம் செய்தோர்க்கு எம்மொழியில் உரைப்பது என்று அவர் வருந்தி எழுதினார். அவ்வருத்தத்தையே பெயராகக் கொண்டு, ‘இன் வட் லாங்குவேஜ்?’ என்னும் படைப்பை விஜய் ஐயர் கவிஞர் மைக் லாட் என்பவரோடு சேர்ந்து 2003இல் அளித்தார். நிறத்தாலும் பெயராலும் ஐயுறப்படும் பயணிகளின் குரல்கள் அதில் ஒலிக்கின்றன. ஈராக், ஆப்கானித்தான் போர்களினின்று மீண்ட படைவீரரின் கனவுகள் 2013இல் மற்றோர் இசைத்தட்டுக்குப் பொருளாயின. கறுப்பின மக்கள் காவற்றுறையினராற் கொல்லப்படுதலைக் கண்டித்து மக்கள் திரண்ட 2014ஆம் ஆண்டில் ‘கொம்பற் பிறீதிங்’ என்னும் ஆக்கத்தை இயற்றினார். 2021இல் வெளிவந்த ‘அன்ஈசி’ இசைத்தட்டில் அது இடம்பெற்றது. லின்டா மே ஹான் ஓ, டைஷோன் சோறி ஆகிய இருவரோடும் அமைந்த புதிய மூவர் குழு அதனை வழங்கிற்று. அம்மூவரின் ‘கொம்பாஷன்’ 2024இல் வெளியாயிற்று.

2014இல் யேல் பல்கலைக் கழகத்து ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர்க்கு ஆற்றிய உரையில் அவர் கூறிய கருத்து நம்மனோர்க்கும் உரியது. கல்வியாலும் பொருளாலும் உயர்ந்த குடியேற்றக்காரர், தம் உயர்வு எவ்வமைப்பினால் விளைந்தது, அவ்வமைப்பு யாரைத் தாழ்த்தி வைத்துள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டுமென அவர் இடித்துரைத்தார். வெற்றி பெற்றோரின் மன்றில் நின்று அவர்தம் வெற்றியின் விலையை வினவுதல் எளிய செயலன்று. தம் கலையை ஆபிரிக்க அமெரிக்க மக்களிடம் பெற்றவர் அவர். அக்கடனை வாயால் ஒப்புக்கொண்டதோடு அமையாது, அவர்தம் துன்பத்திலும் பங்கு கொள்ள விழைந்தார்.

உலகப் புகழ் அவரைத் தேடி வந்தது. 2013இல் மக்கார்தர் நிறுவனத்தின் 6,25,000 டொலர் உதவி பெறும் ஆய்வாளராகத் தெரிவு செய்யப்பட்டார். 2014 தொடக்கத்தில் ஹாவட் பல்கலைக் கழகத்திற் கலைப் பேராசிரியரானார்; இசைத்துறையோடு ஆபிரிக்க, ஆபிரிக்க அமெரிக்க ஆய்வுத்துறையிலும் அவர்க்கு இடம் அளிக்கப்பட்டது. 2017இல் கலிபோர்ணியாவின் ஓஹாய் இசைவிழாவுக்கு இசைநெறியாளராய் விளங்கினார். 2023இல் பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் அப்தாப், ஷாசாத் இஸ்மாயிலி ஆகியோருடன் ‘லவ் இன் எக்சைல்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். நாடுகள் பிரித்து வைத்த மக்கள் மூவர் அதில் ஒரு மேடையில் அமைதியாய் உரையாடக் காண்கின்றோம். 2025இல் ஆசான் ஸ்மித்துடன் மீண்டும் கூடி ‘டிபையன்ட் லைவ்’ என்பதை அளித்தார்.

இவர் இசை கணக்கு மிகுந்தது, உருக்கம் குறைந்தது என்று கூறுவாரும், தமிழர்க்குப் பிறந்தும் தமிழிசை பாடாதாரை நம்மவர் என்று கொள்ளுதல் எங்ஙனம் என்று வினவுவாரும் இருத்தல் கூடும். முதற் கூற்றிற் சிறிது உண்மையுண்டு. முதன்முறை கேட்கும் செவிக்கு இவ்விசை கடினமாகவே தோன்றும். நாற்சந்தியில் நின்று கேட்டவுடன் மனத்தைக் கவரும் வகையினதன்று. ஆயின் வடமோடிக் கூத்தின் தாளக்கட்டும் பழகாத செவிக்கு வெற்றொலியே. பழகிய செவிக்கே அது போராகவும் புலம்பலாகவும் விரியும். இரண்டாம் வினாவுக்கு விடை ஆழ்ந்து எண்ணிக் கூறத்தக்கது. முதுசொம் பிறப்பினால் வரும். கலையோ கற்றலினால் வரும். அண்ணாவியாரின் மகனாயினும் களரியில் இறங்கி மிதியாதவனுக்குக் கூத்து வாராது. அயலூரானாயினும் ஆசானை அடுத்து நின்று பழகியவனுக்கு அது வந்தே தீரும். விஜய் ஐயர் பிறர் மரபினுள் விருந்தினராய்ப் புகுந்தார், பணிந்து கற்றார், கற்ற இடத்தை மறைக்கவில்லை, கற்பித்தோரின் துயரைத் தம் துயராய்க் கொண்டார். இவ்வொழுக்கம் நம் முன்னோர் மாணாக்கர்க்கு வகுத்த இலக்கணத்தோடு முற்றும் பொருந்துவது. ஆகவே, தமிழிசை பாடாவிடினும் தமிழர் போற்றத்தக்க மாணாக்கர் அவர் என்பதில் ஐயமில்லை.

இன்று கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கற்கும் மாணவர் சிலர் கூத்தையும் பாட்டையும் பொழுதுபோக்கென்று எண்ணி ஒதுக்குகின்றனர். கலையில் ஈடுபட்ட வேறு சிலரோ கணக்கைக் கண்டு அஞ்சுகின்றனர். வகுப்பறையில் வேறு வேறாய்ப் பிரிக்கப்பட்ட இவ்விரண்டும் மனித உடலிற் பிரிந்திருப்பனவல்ல. ஒரு மாத்திரையை அளக்கும் அறிவும், அம்மாத்திரையில் துள்ளும் காலும் ஒருவரிடத்தே கூடுமாயின் அங்கே கலையும் கல்வியும் ஒருங்கே சிறக்கும். நம் கிராமங்களில் மத்தளத்தைத் தோளில் மாட்டிய அண்ணாவிமார் இன்னும் உளர். அவர்தம் கைகளில் உறையும் நுண்பொழுதுகளை அளந்தறிந்து, அவற்றைத் தாமும் ஆடிப் பழகி, அடுத்த தலைமுறைக்கு அளிக்கவல்ல மாணவர் நம் கல்லூரிகளினின்றும் தோன்றுதல் வேண்டும். சில சுரங்களையும் ஒரு சிறு தாளத்தையும் கொண்டு பேருலகைத் தன்பால் ஈர்த்த தமிழர் ஒருவரின் வாழ்க்கை, அதற்கு உரிய ஊக்கத்தை அளிக்கவல்லது.